350 சிசி கிளாசிக் வண்டியின் எடையைச் சமாளிப்பது எப்படி? புதுச்சேரி, கடலூர் ஓட்டுநர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை, ஆயில் பெட்ரோலோடு சேர்த்து 195 கிலோ. ஹண்டர் 350, ஹோண்டா ஹைனெஸ் சிபி350 இரண்டும் 181 கிலோ. இன்டர்செப்டர் 650 இருநூறைத் தாண்டிவிடும். இவற்றை வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அதுவரை ஓட்டியது 112 கிலோ ஸ்ப்ளெண்டரோ அதைவிட லேசான ஸ்கூட்டரோதான்.

ஓடும்போது இந்த வித்தியாசம் அதிகம் தெரியாது. 30 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி தானாகவே நேராக நிற்கும். சாய்ந்து விழுவதெல்லாம் சிக்னலில் நிற்கும்போதும், வாசலில் திருப்பும்போதும், மணலில் ஸ்டாண்டு போடும்போதும்தான். அதனால் பழக வேண்டியது பூஜ்யத்திலிருந்து 10 கி.மீ. வேகம் வரைக்குமான வேலைகளை.

பழகும் வரிசை முக்கியம். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளுவது, பிறகு ஸ்டாண்டு, பிறகு மெதுவாக ஓட்டுவது, பிறகு நிறுத்துவது, பிறகு பார்க்கிங், கடைசியில் ஆளும் சாமானும். ஷோரூமிலிருந்து எடுத்த அன்றைக்கே வீட்டாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மிஷன் வீதி நெரிசலுக்குள் போகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. எடை எப்போது கைக்கு வருகிறது

நேராக நிற்கும் வண்டி தன் பாரத்தை இரண்டு டயர்களிலும் தானே தாங்கிக்கொள்கிறது. அப்போது இரண்டு விரலால் பிடித்தாலே போதும். சாயத் தொடங்கிய பிறகுதான் பாரம் உங்கள் கைக்கு வருகிறது, வந்தால் மளமளவென்று ஏறுகிறது.

ஒரு தோராயக் கணக்கு. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், ஹாண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 கிலோ வண்டி 5 டிகிரி சாய்ந்தால், ஹாண்டிலைப் பிடித்து நிறுத்த 8 அல்லது 9 கிலோ பலம் வேண்டும். 10 டிகிரியில் 17 கிலோ. 20 டிகிரியில் 33 கிலோ. 30 டிகிரி சாய்ந்தால் கிட்டத்தட்ட 50 கிலோ.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, சாய்வை முதல் சில டிகிரிக்குள் பிடித்துவிட வேண்டும். அதற்குப் பலம் தேவையில்லை, கவனம்தான் தேவை. இரண்டு, 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் போராடக் கூடாது. முடிந்தவரை மெதுவாகக் கீழே விட்டுவிட்டுக் காலை விலக்கிக்கொள்ளுங்கள். வளைந்த லீவரை மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய். இடுப்புப் பிடிப்போ மணிக்கட்டு முறிவோ மாதக்கணக்கில் படுத்தும்.

டேங்க் இந்த வண்டிகளில் உயரத்தில் இருக்கிறது. கிளாசிக்கில் 13 லிட்டர் நிரப்பினால் ஏறக்குறைய 10 கிலோ மேலே ஏறி உட்காருகிறது. பழகும் நாட்களில் அரை டேங்க் போதும்.

2. தொடங்கும் முன் சரிசெய்ய வேண்டியவை

காலணி முதலில். ரப்பர் செருப்பு ஈரத்தரையில் வழுக்கும், கியர் லீவரில் மாட்டும், கால் ஊன்றும்போது கழன்றும் போகும். கணுக்காலை மூடும், அடிப்பக்கம் வரிவரியாக உள்ள ஷூ வேண்டும். தடித்த அடி உள்ள ஷூ உயரத்தையும் கொஞ்சம் கூட்டித் தரும்.

அடுத்து சீட் உயரம். கிளாசிக்கில் 805 மி.மீ., அதே ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350-இல் 765 மி.மீ. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சீட்டின் முன்பக்க அகலமும் கால் எட்டுவதைத் தீர்மானிக்கிறது. இரண்டு பாதத்தின் முன்பாதியும் தரையில் அழுந்தினால் போதும். முழுப் பாதமும் படிய வேண்டும் என்பதில்லை. அதுவும் எட்டவில்லை என்றால் சீட் தைக்கிற கடையில் முன்பக்க ஃபோமின் ஓரங்களைச் சரித்து வெட்டச் சொல்லுங்கள். நடுவில் வெட்டினால் ஒரு மணி நேரம் உட்காரவே முடியாது.

பின் ஷாக் அப்சர்பரைக் குட்டையாக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். பின்பக்கம் இறங்கினால் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி ஸ்டாண்டில் போதுமான அளவு சாயாமல் செங்குத்தாக நிற்கும். யாராவது லேசாக உரசினாலே வலப்பக்கம் விழும். காரணம் புரியாமல் ஸ்டாண்டையே குறை சொல்கிறவர்கள் நிறைய.

லீவர்களில், கிளட்ச் 2 முதல் 3 மி.மீ. லூஸ் இருக்கட்டும். கேபிள் உலர்ந்து இறுகியிருந்தால் எண்ணெய் விடுங்கள். இனி வரும் எல்லாப் பயிற்சியும் கிளட்சை மில்லிமீட்டர் கணக்கில் விடுவதை நம்பித்தான் இருக்கிறது.

காற்றைக் குளிர்ந்த டயரில் பாருங்கள். வண்டியின் கையேட்டிலோ ஸ்டிக்கரிலோ உள்ள அளவுதான் சரியான அளவு. பஞ்சர் கடையில் “எவ்வளவு வைக்கணும்?” என்று கேட்கும்போது அந்த எண்ணைச் சொல்லத் தெரிய வேண்டும். முன் டயரில் 5, 6 பி.எஸ்.ஐ. குறைந்தாலே நின்ற இடத்தில் ஹாண்டில் திருப்புவது பாரமாகிவிடும். அதை வண்டியின் எடை என்று நினைத்துக்கொள்வார்கள்.

லெக் கார்டு இல்லையென்றால் மாட்டுங்கள். சில கிலோ கூடினாலும் லாபம்தான். வண்டி சாய்ந்தால் தரையில் முழுதாகப் படுக்காது, கால் அடியில் சிக்காது, தூக்குவதும் பாதி வேலையாகிவிடும். மற்ற அலங்காரங்களை வாங்கும் முன் ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, எந்த உயரத்தில் உட்காரும் என்று கேளுங்கள்.

3. இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிப் பழகுங்கள்

காலியான சமதளம் வேண்டும். கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானம், புதுச்சேரியில் லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானம் போன்ற இடங்களில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போகலாம். இரண்டு கிரவுண்டு காலி மனை இருந்தாலும் போதும்.

வண்டியின் இடப்பக்கம் நில்லுங்கள். சைடு ஸ்டாண்டு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சூடான சைலன்சர் வலப்பக்கம். இரண்டு கைகளும் ஹாண்டிலில் இருக்கட்டும், வலது கையின் இரண்டு விரல்கள் முன் பிரேக்கில். இடுப்பை டேங்க்கும் சீட்டும் சேரும் இடத்தில் ஒட்டவையுங்கள். பிறகு வண்டியைத் துளியூண்டு உங்கள் பக்கம் சாயுங்கள். அப்போது அது எதிர்ப்பக்கம் விழ வழியில்லை. உங்கள் பக்கம் வரும் பாரத்தை இடுப்பு தாங்கும்.

இப்போது முன்னால் பத்து மீட்டர், பின்னால் பத்து மீட்டர். கைகளால் தள்ளாதீர்கள். இடுப்பும் தொடையும் தள்ளட்டும், கைகள் திசையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நேராகப் போவது பழகியதும் ஹாண்டிலை இடது கோடிவரை திருப்பி ஒரு வட்டம், வலது கோடிவரை திருப்பி ஒரு வட்டம். வலது வட்டம் கடினம், ஏனென்றால் ஹாண்டில் உங்களை விட்டு விலகிப் போகும். அதோடு நீங்களும் ஓரடி முன்னால் நகர வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது மூன்று இடங்களில். வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்று கையை நீட்டிப் பிடிப்பது முதலாவது. சாய்வு தொடங்கியது தெரியும்போது 15 டிகிரி தாண்டியிருக்கும். ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடிப்பது இரண்டாவது. மூன்றாவது, பின் கைப்பிடியை மட்டும் பிடித்துப் பின்னால் இழுப்பது. அப்போது பிரேக் கையில் இல்லை. சரிவில் இப்படிச் செய்யவே கூடாது.

சைடு ஸ்டாண்டை ஊன்றி அதன் மேலேயே வண்டியைத் தூக்கிச் சுற்றித் திருப்பும் வித்தையைச் சிலர் செய்துகாட்டுவார்கள். இந்த எடைக்கு அது ஆகாது. ஸ்டாண்டு பொருந்தியிருக்கும் சேஸிஸ் காது வளையும்.

4. சைடு ஸ்டாண்டு

ஸ்டாண்டைக் காலால் தள்ளிக் கடைசிவரை போய் நின்றதா என்று குதிகாலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு ஹாண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள், பிறகு வண்டியை மெதுவாகச் சாயுங்கள். ஹாண்டில் இடப்பக்கம் இருந்தால் வண்டி நிற்கும் தளம் அகலமாகும். கியர் முதலில் இருக்கட்டும். நியூட்ரலில் விட்டால் வண்டி ஓரடி உருண்டாலே ஸ்டாண்டு மடங்கிவிடும்.

சரிவில் எப்போதும் முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்கட்டும். வண்டி பின்னால் நகரப் பார்த்தால் ஸ்டாண்டு இன்னும் இறுகும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் முன்னால் நகரும், ஸ்டாண்டு மடங்கும், அவ்வளவுதான்.

நம் ஊரின் பெரிய தொல்லை தரைதான். சில்வர் பீச், வீராம்பட்டினம் பக்கமெல்லாம் கெட்டியான தரை போலத் தெரியும் இடத்தில்கூட நாலு அங்குலம் கீழே மணல். சித்திரை, வைகாசி வெயிலில் தார் இளகும். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் ஊறிக் குழையும். மூன்றிலும் ஸ்டாண்டின் சின்ன முனை உடனே இறங்காது. நீங்கள் டீ குடித்து முடிக்கும் நேரத்தில் மெல்ல மெல்ல இறங்கும். கைவிரல் அகலத் தடிமனில், உள்ளங்கை அளவு மரத்துண்டு ஒன்றை நூல் கட்டி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நூலின் மறுமுனை ஹாண்டிலில் தொங்கட்டும். எடுக்க மறக்காது, குனியவும் வேண்டாம். ஸ்டாண்டு முனையில் பற்றவைக்கும் அகலத் தகடும் நல்லதுதான், ஆனால் மணலுக்கு அது போதாது.

5. சென்டர் ஸ்டாண்டு

இதைப் பலம் சம்பந்தப்பட்ட வேலை என்று நினைத்துத்தான் பலரும் தோற்கிறார்கள். வண்டியைத் தூக்கவே கூடாது. ஸ்டாண்டை மிதிக்க வேண்டும்.

இடப்பக்கம் நில்லுங்கள். இடது கை ஹாண்டிலின் இடது பிடியில், வலது கை சீட்டுக்குக் கீழேயோ பின்னாலோ உள்ள கைப்பிடியில். ஹாண்டில் நேராக இருக்கட்டும். வலது காலால் ஸ்டாண்டின் நாக்கை மெதுவாகக் கீழே அழுத்தி, இரண்டு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று உணருங்கள். ஒரு கால்தான் தொடுகிறது என்றால் வண்டி சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் நிமிர்த்துங்கள். இரண்டும் பட்டதும் கால் வழியே ‘டக்’ என்று தெரியும்.

இரண்டும் பட்ட பிறகு, உங்கள் முழு எடையையும் அந்த வலது காலில் ஏற்றி அந்த நாக்கின் மேல் ஏறி நில்லுங்கள். வண்டி தானாகப் பின்னால் போய் ஏறும். வலது கை வழிகாட்டினால் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நடக்கும். நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்று: இரண்டு கால்களும் தரையில் படவில்லை, முதல் கியரில் இருக்கிறது, அல்லது பின்சக்கரம் பள்ளத்தில் நிற்கிறது. கடைசிக் காரணத்துக்கு அரை அங்குலப் பலகையின் மேல் பின்சக்கரத்தை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். பாதி முயற்சியில் ஏறிவிடும்.

இறக்கும்போது ஒரு வழக்கத்தை விடாதீர்கள்: முதலில் சைடு ஸ்டாண்டை நீட்டிவிட்டு, அதன் பிறகுதான் வண்டியை முன்னால் தள்ளி இறக்க வேண்டும். இறங்கும் வேகத்தில் உங்கள் பக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டு பிடித்துக்கொள்ளும். இறங்கியவுடன் முன் பிரேக்.

6. ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டுவது

கிளாசிக் இன்ஜின் 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் இழுவை தருவது. குறைந்த சுற்றிலும் இழுவை தாராளம் என்பதால், முதல் கியரில் ரேஸ் கொடுக்காமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டாலே சமதளத்தில் வண்டி ஊர்ந்து போகும். எடையைச் சமாளிக்க இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

மூன்றை ஒன்றாகப் பழக வேண்டும்: கிளட்ச் பாதியில், ரேஸ் கொஞ்சமாக நிலையாக, பின் பிரேக் லேசாக உரசியபடி. ரேஸைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தினால் வண்டி குதிக்கும். குதிக்கும்போது ஹாண்டில் ஆடும். ஆடினால் கால் தானாகக் கீழே போகும். ரேஸ் நிலையாக இருந்து வேகத்தைப் பின் பிரேக் மட்டும் கட்டுப்படுத்தினால் செயின் எப்போதும் இறுக்கமாக இருக்கும். வண்டி கயிறு பிடித்து நடத்துகிற மாடு மாதிரி சீராக வரும்.

முன் பிரேக்கை இந்த வேகத்தில் மறந்துவிடுங்கள். ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும், பாரம் முழுவதும் திரும்பிய பக்கம் சாயும், ஒரு நொடியில் 20 டிகிரி. ஏ.பி.எஸ். இதற்கு உதவாது. அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், வண்டி சாய்வதைத் தடுக்காது.

பயிற்சிக்கு நாலு செங்கல் போதும். 8 மீட்டர் அகலத்தில் வைத்து யு-டர்ன் போடுங்கள். பார்வை முன் டயரில் இருந்தால் வட்டம் விரியும். போக வேண்டிய இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்தால் தானாகச் சுருங்கும். 8 மீட்டரில் கால் ஊன்றாமல் இரண்டு பக்கமும் வந்த பிறகு 7, அதன் பிறகு 6. வலப்பக்கத்தையும் சமமாகப் பழகுங்கள், ஏனென்றால் சாலையில் நாம் யு-டர்ன் போடுவது வலப்பக்கம்தான். கிளட்ச் சூடானால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

7. நிறுத்துவது

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். நிற்கிற அந்தக் கடைசி இரண்டு மீட்டரில்தான் அதிக வண்டிகள் விழுகின்றன.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 20 மீட்டர் முன்பே, முன்சக்கரம் எங்கே நிற்கும் என்பதோடு உங்கள் இடது கால் எங்கே ஊன்றும் என்பதையும் பாருங்கள். மணல், ஜல்லி, ஆயில் கறை, மீன் கடை வாசல் தண்ணீர், பள்ளம் எதுவானாலும் அரை மீட்டர் முன்னாலோ பின்னாலோ நிறுத்திக்கொள்ளலாம்.

சாலையின் ஓரத்துச் சரிவு நம் ஊரில் பெரும் சிக்கல். மழைத்தண்ணீர் வடிய சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். நாம் இடப்பக்கம் போவதால் இடது காலுக்குக் கீழே தரை எப்போதும் கொஞ்சம் பள்ளம். ஐந்தடி நாலங்குலம் உள்ள ஒருவருக்கு சமதளத்தில் எட்டும் தரை, ஓரத்தில் எட்டாமல் போவது இதனால்தான். ஓரத்தை ஒட்டி நிறுத்தாமல், உங்கள் தடத்தின் நடுவில் நிறுத்துங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகக் கடலூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 32-லும் ஓரத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் கிடக்கும். அங்கே காலை ஊன்றுவது பலசரக்கு கடையில் சிந்திய எண்ணெயில் நிற்பதற்குச் சமம்.

வரிசை இது. நிற்பதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். ஹாண்டிலை நேராக்குங்கள். இரண்டு பிரேக்கும் பிடித்து வேகத்தைக் குறைத்து, கடைசி இரண்டு மீட்டரில் முன் பிரேக்கைத் தளர்த்தி, பின் பிரேக்கால் முடியுங்கள். சக்கரம் நின்ற பிறகு இடது காலை ஊன்றுங்கள். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும்.

ஓடும்போதே இரண்டு கால்களையும் இறக்கித் தரையில் தேய்த்துக்கொண்டு வருவது ஸ்கூட்டர் பழக்கம். இந்த வண்டியில் அது இரண்டு வகையில் கெடுக்கும். பின் பிரேக் கையைவிட்டுப் போகும், முன் பிரேக் மட்டும் மிஞ்சும். தவிர, 195 கிலோ ஓடிக்கொண்டிருக்கும்போது கால் ஒரு கல்லில் பட்டால் கணுக்கால் தாங்காது.

மேட்டில், ரயில்வே கேட் ஏற்றத்தில் அல்லது பாலத்தில் நிற்கும்போது பின் பிரேக்கை விடாமல் பிடித்திருங்கள். கிளம்பும்போது கிளட்ச் இழுக்கத் தொடங்கி, வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்குவதை உணர்ந்த பிறகு பிரேக்கை விடுங்கள்.

8. பார்க்கிங், வாசல் சரிவு

உள்ளே போகும் முன்பே வெளியே வருவதை யோசியுங்கள். பள்ளத்தைப் பார்த்து முன்சக்கரத்தை விட்டு நிறுத்தினால், திரும்பும்போது 195 கிலோவை மேட்டில் பின்னால் இழுக்க வேண்டும். தனி ஆளால் அது முடியாது. பின்சக்கரம் பள்ளத்தில், முன்சக்கரம் சாலையைப் பார்த்து. எப்போதும் இதுதான்.

நேரு வீதி, லாரன்ஸ் ரோடு போன்ற நெரிசலில் வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள், கொஞ்ச தூரம் நடந்தாலும் பரவாயில்லை. நடுவில் செருகினால் பக்கத்து வண்டியை எடுப்பவர் உங்கள் வண்டியைச் செங்குத்தாக நிமிர்த்திவிட்டுப் போய்விடுவார். மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். பக்கத்துக் குறுக்கு வீதிகளில் கூட்டம் சேரும் முன் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வாசல் சாய்தளம் செங்குத்தாக இருந்தால் தள்ளி ஏற்றாதீர்கள். ஏறி உட்கார்ந்து முதல் கியரில், நேர்கோட்டில், நிற்காமல் ஏற்றுங்கள். பாதியில் நின்றால் கால் ஊன்றத் தரை இருக்காது. பின்னால் இறக்குவதற்கு ஒரு நல்ல முறை உண்டு. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, வண்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையில் வைத்துக்கொண்டு கிளட்சைக் கொஞ்சம் பிடித்தால் வண்டி இறங்கும், விட்டால் நிற்கும். கிளட்சே பின் பிரேக்காகிவிடுகிறது. முன் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், பாரம் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் வழுக்கும். சாய்தளத்தின் சிமெண்ட் வழவழப்பாக இருந்தால் கொத்தனாரை வைத்து வரி போட்டுவிடுங்கள்.

9. பின்னால் ஆளும் சாமானும்

ஏறுகிறவர் சொல்லாமல் ஏறக் கூடாது. இதை வீட்டில் முதலிலேயே பேசிவையுங்கள். ஓட்டுபவர் இரண்டு கால்களையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, “ஏறுங்கம்மா” என்று சொன்ன பிறகே ஃபுட்ரெஸ்டில் கால் வைக்க வேண்டும். இறங்குவதும் அப்படியே. 60 கிலோ ஆள் ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை வைத்து ஏறும் அந்த நொடியில் முழு எடையும் ஒரே பக்கம் விழுகிறது.

சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் பாரம் இடப்பக்கம் நிலையாக இருக்கும். நிற்கும்போது இடது காலுக்கு அது கூடுதல் சுமை. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே பாதுகாப்பு. முடியாதபோது சிக்னலுக்குச் சிக்னல் இன்னும் முன்கூட்டியே நிதானமாக நிறுத்துங்கள்.

ஆள் வழக்கமாக ஏறுவார் என்றால், கருவிப்பெட்டியில் உள்ள கொக்கி ஸ்பேனரால் பின் ஷாக்கை இரண்டு படி இறுக்குங்கள். கிளாசிக்கில் மொத்தம் ஆறு படி. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகி, மெதுவாகப் போகும்போது ஹாண்டில் அலையும்.

சாமான் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கட்டும். 25 கிலோ அரிசி மூட்டையை டேங்க் மேல் வைத்தால் ஹாண்டில் முழுதாகத் திரும்பாது. யு-டர்னில்தான் அது தெரியவரும். பின் சீட்டில், உங்கள் முதுகை ஒட்டிக் குறுக்காகக் கட்டுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரு பக்கம் மட்டும் தொங்கவிடாதீர்கள்.

10. விழுந்துவிட்டால் தூக்குவது

முதலில் இன்ஜின் கில் சுவிட்ச், அடுத்து சாவி. பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட்டோடு வராமல் தடுங்கள். அவசரப்படாமல் ஒரு நிமிடம் மூச்சுவிடுங்கள். அவசரத்தில்தான் முதுகு பிடிக்கிறது.

வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை நீட்டுங்கள். தூக்கியதும் மறுபக்கம் சாய்ந்தால் அது பிடித்துக்கொள்ளும். இடப்பக்கம் விழுந்திருந்தால் அது முடியாது. நிமிர்த்தும்போது அதிகமாகத் தள்ளி மறுபக்கம் சாய்த்துவிடாமல் கடைசியில் வேகத்தைக் குறையுங்கள். முடிந்தால் முதல் கியரில் போடுங்கள், உருளாது.

வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்பு படும்படி குந்துங்கள். ஹாண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பி, அந்தப் பக்கப் பிடியை ஒரு கையால் பிடியுங்கள். மறுகை பின் கைப்பிடியிலோ சேஸிஸ் குழாயிலோ. கைகள் நீட்டியபடியே இருக்கட்டும், முதுகு நேராக. இனி காலால் பின்னால் அழுத்திக்கொண்டே சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். தூக்குவது தொடையின் வேலை.

நம் ஊரில் விழுந்த மறுநொடி நாலு பேர் ஓடிவருவார்கள். அவர்கள் பிடிக்கப் போவது சைலன்சரையும் இண்டிகேட்டரையும்தான். “அண்ணே, பின்னால கைப்பிடிய பிடிங்க, சைலன்சர் சுடும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தூக்கிய பிறகு லீவர்கள், ஹாண்டில் கோணல், பிரேக் பெடல் பாருங்கள். எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் இருக்கும். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும்.

11. கடற்கரை ஊரில் எடையோடு சேர்ந்த பராமரிப்பு

உப்புக்காற்றில் குரோம் மங்குவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சைடு ஸ்டாண்டின் போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் யாரும் பார்ப்பதில்லை. துரு ஏறினால் ஸ்டாண்டு கடைசிவரை போகாமல் பாதியில் நிற்கும். நின்றுவிட்டதாக நம்பி வண்டியைச் சாய்ப்பீர்கள். மாதம் ஒருமுறை மண்ணைத் துடைத்துக் கிரீஸ் வையுங்கள், சென்டர் ஸ்டாண்டுக்கும் சேர்த்து.

கோன்செட் (ஹாண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) இறுகினாலும் தேய்ந்தாலும் மெதுவாகப் போகும்போது வண்டி நேராக வராது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, ஹாண்டிலை இரண்டு விரலால் திருப்புங்கள். நடுவில் எங்காவது சிக்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஸ்போக் சக்கரமுள்ள கிளாசிக்கில் டயருக்குள் டியூப் இருக்கிறது. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். காற்றில்லாமல் இந்த எடையோடு நூறு மீட்டர் ஓட்டினாலும் டியூபின் வால்வு பிய்ந்துவிடும். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ள மாடலை எடுப்பதே நல்லது. அழகுக்காக ஸ்போக் எடுத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு டியூப் வண்டியில் இருக்கட்டும். கிளாசிக்கில் முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18.

ஐப்பசி முதல் மார்கழி வரை வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில், கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள். மண் தரையில் சைடு ஸ்டாண்டில் விட்டால் இரண்டு நாள் மழைக்குள் சாயும். புயல் எச்சரிக்கை வந்தால் கவரைக் கழற்றிவிடுங்கள்; காற்று கவரைப் பாய்மரமாக்கி வண்டியைத் தள்ளும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, வழக்கமாகத் தேங்காத தெருக்களிலும் தண்ணீர் நின்றது. ஏர் ஃபில்டர் பெட்டி அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும். இரண்டு பேராகத் தள்ளிக்கொண்டு போங்கள்: ஒருவர் இடப்பக்கம் நின்று ஹாண்டிலும் பிரேக்கும், மற்றவர் பின்னால் கைப்பிடி.